இரண்டு சம்பந்திகள் பார்த்த ஊர்

அத்தியாயம் 9

போன வாரம் ரயில் நிலைய வாசலில் அவர்களை அப்படியே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம்.

வேறு வேறு ஊரிலிருந்து வந்த வேறு வேறு ரயில்கள். இறங்கியவர்கள் இரண்டு அம்மாக்கள். ஒருத்தி பெண்ணைப் பெற்றவள்; சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறவள். இன்னொருத்தி பையனைப் பெற்றவள். குடும்ப நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். 'உடனே கிளம்பி வாம்மா, நேர்ல பேசிக்கலாம்' என்று தன் பிள்ளை தன்னை மட்டும்தான் கூப்பிட்டிருப்பதாக இருவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒருவரையொருவர் பார்த்ததும் இருவருக்குமே முகத்தில் ஈயாடவில்லை.

"வாங்க சம்பந்தி."

"வாங்க."

அவ்வளவுதான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு அது.

பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டுக்கு வந்து குளித்துத் தலை துவட்டுவதற்குள் மகள் வேலைக்குக் கிளம்பி நின்றாள். பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. காலை நேரத்தில் லீவு போட முடியாது.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு நாங்க வந்துடுவோம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஊரைச் சுத்திப் பாருங்க. மாடி பஸ்ல சீட்டு போட்டு வெச்சிருக்கேன்."

"ஊரா இப்ப முக்கியம்? என்ன விஷயம்னு சொல்லித் தொலையேன்டி."

"மத்தியானம்மா. ப்ளீஸ்."

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அதற்குள் அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல், "வர்றேன் அத்தை, வர்றேம்மா" என்று படியிறங்கிப் போயிருந்தார். கொஞ்சம் பொறுத்து மகளும் போனாள். ஒரே தெருவில், ஒரே பஸ் நிறுத்தத்துக்குப் போகிற புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் போனதை இரண்டு அம்மாக்களும் கவனித்தார்கள். கவனித்ததை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளவில்லை.

பேக்கரியம்மா காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, தட்டில் இருந்ததை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மாடி பஸ்ஸின் மேல் தளத்துக்குக் கூரை இல்லை. முன்வரிசையில் இருவருக்கும் இடம். பையை நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

ஊர் பெரிய ஊர்தான். பேக்கரியம்மா வாழ்நாளில் இத்தனை மாடிகளைச் சேர்த்துப் பார்த்ததில்லை. ரஸ்க்கைத் தட்டில் நிறுத்தி அடுக்கினது போலக் கட்டடங்கள். அவற்றின் கண்ணாடிகளில் மேகம் போய்க்கொண்டிருந்தது. கீழே நடைபாதையில் ஆட்கள் எல்லோரும் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தது மாதிரி ஓடினார்கள்.

"உங்களுக்கு இந்த ஊர் பழக்கமா?" என்று ஒப்புக்குக் கேட்டாள்.

"எனக்கும் புதுசுதான். இவங்களைக் குடி வைக்கறப்ப ஒரு தடவை வந்ததோட சரி" என்றாள் டைப்பிஸ்டம்மா. சொல்லும்போது அவள் விரல்கள் மடியில் தடதடவென்று ஆடின. பதற்றம் வந்தால் அவள் விரல்கள் தானாகவே டைப் அடிக்கும்.

மைக்கில் வழிகாட்டிப் பெண், "இடது பக்கம் பாருங்கள், நூற்றாண்டு கண்ட நூலகம்" என்றாள். பேக்கரியம்மா வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது நூலகத்தையும் இல்லை, வலது பக்கத்தையும் இல்லை. போன வருடத்தை.

போன வருடம் இதே சமயம்தான் அவள் கணவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரே மகள். அப்பா என்றால் உயிர். ஆனால் அந்தக் கடைசி நாட்களில் அவள் வரவேயில்லை. போனில் கேட்டால், 'வர்றேம்மா, வர்றேம்மா' என்பாள். கடைசியில் எல்லாம் முடிந்த அன்றைக்கு வந்தாள். முகம் வெளுத்து, யாரோடும் பேசாமல், ஒரு மூலையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்திலேயே நிழல் மாதிரி மாமியார்க்காரி. எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து, கையைப் பிடித்தபடியே.

பெற்ற அப்பன் சாகக் கிடக்கும்போதுகூட அனுப்பாதவள், செத்த பிறகு காவலுக்கு வந்திருக்கிறாள் என்று பேக்கரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை உறவு ஜனமும் கேட்கும்படி, "நல்லா பாத்து, நேரத்தோட அனுப்பி வெச்சீங்க சம்பந்தி. ரொம்ப உபகாரம்" என்று சொல்லிவிட்டாள். டைப்பிஸ்டம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அதோடு பேச்சு அறுந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று டைப்பிஸ்டம்மாதான் ஆரம்பித்தாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. "உங்க பொண்ணு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"எங்கிட்ட எங்க சொல்றா? உங்க பையன்?"

"வாயே திறக்கலை." கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். "காலமெல்லாம் விவாகரத்து மனுவா அடிச்சுத் தள்ளினவ நான். புருஷன் முன்னால போறது, பொண்டாட்டி பின்னால போறது, திடுதிப்னு ரெண்டு பக்கத்துப் பெரியவங்களையும் வரச் சொல்றது… எனக்குப் பயமா இருக்கு சம்பந்தி."

"வாயைக் கழுவுங்க முதல்ல!"

பின்வரிசையில் இருந்த ஒரு குடும்பம் எட்டிப் பார்த்தது. பேக்கரியம்மா குரலை இறக்கினாள். காலையிலிருந்து அவளும் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

"அப்படி ஏதாவதுன்னா எம் பொண்ணை நான் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. அவ பக்கம் தப்பு இருக்காது. இருந்தா எம் பையன் பக்கம்தான் இருக்கும்."

பேக்கரியம்மா திரும்பிப் பார்த்தாள். கிண்டலா என்று முகத்தில் தேடினாள். கிண்டல் இல்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நேராக உட்கார்ந்து, எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள்.

சண்டைக்கு இழுக்கலாம் என்று வைத்திருந்த ஒரு மூட்டை வார்த்தையைப் பேக்கரியம்மா அவிழ்க்காமலே வைத்துக்கொண்டாள்.

பாலம் தாண்டி மணிக்கூண்டுச் சதுக்கத்தில் பஸ் நின்றது. இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள் வழிகாட்டி. எல்லோரும் மணிக்கூண்டின் அடியில் நின்று அண்ணாந்து படம் எடுத்தார்கள். பேக்கரியம்மாவும் அண்ணாந்து பார்த்தாள். கடிகாரத்தின் பெரிய முள் சட்டென்று இரண்டாகத் தெரிந்தது. பிறகு நாலாக.

குப்பென்று வேர்த்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று துழாவியபோது ஒரு கை அவள் கையை இறுகப் பிடித்தது.

"சம்பந்தி! இங்க பாருங்க, என்னைப் பாருங்க. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"மாத்திரை…"

"மாத்திரை சரி. சாப்பாடு?"

பேக்கரியம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நல்லா இருக்கு போங்க! ஊருக்கெல்லாம் பன்னும் பிரெட்டும் போடறவங்க வெறும் வயித்தோட வந்திருக்கீங்க. இந்தப் பக்கம் வாங்க. மெதுவா. என் மேல சாஞ்சுக்கங்க."

சதுக்கத்தைச் சுற்றிப் பெரிய பெரிய கண்ணாடிக் கடைகள் இருந்தன. டைப்பிஸ்டம்மா அவற்றில் எதையும் பார்க்கவில்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை. துணிக்கடைக்கும் வங்கிக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்தில் நுழைந்து, ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, இடது கைப்பக்கம் திரும்பி, படி இருப்பது தெரிந்தது போல "படி, பாத்து" என்று சொல்லி இறக்கினாள். எதிரே ஒரு ஜூஸ் கடை. அதற்கு எதிரே உயரமான மஞ்சள் சுவரும் ஓர் இரும்பு கேட்டும்.

"ஆரஞ்சு ஜூஸ் ஒண்ணு, சர்க்கரை நிறையப் போட்டு, சீக்கிரம்!"

கடைக்காரி நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது.

"அட, டைப்பிஸ்டம்மா! நீங்களா! எவ்ளோ நாளாச்சு!"

"முதல்ல ஜூஸைக் குடுங்க."

கடைக்காரிக்குக் கை பழத்தில், வாய் பேச்சில். "பொண்ணு எப்படி இருக்கா? நல்லா தேறிட்டாளா? ரத்தமே இல்லாம வெள்ளைத் துணி மாதிரி கெடந்தாளே பாவம். நீங்களும் ராவும் பகலுமா அந்த நாற்காலியிலயே உக்காந்து… நான்கூட எங்க வீட்டுல சொல்வேன், பெத்த அம்மான்னா இப்படி இருக்கணும்னு."

டைப்பிஸ்டம்மா கடைக்காரியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். காலம் கடந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேக்கரியம்மாவின் காதில் எல்லாம் விழுந்துவிட்டது.

ஜூஸ் வந்தது. டைப்பிஸ்டம்மா டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்க வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டாகத் தெரிந்ததெல்லாம் ஒன்றாகியது. தெரு நேராக நின்றது.

"உங்களுக்குப் பொண்ணு ஏது?" என்று கேட்டாள் பேக்கரியம்மா.

டைப்பிஸ்டம்மா டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் விரல்கள் ஆடின.

"ஒரே பையன்தானே உங்களுக்கு. அப்ப அவ யாரைக் கேக்கறா?"

"முழுசாக் குடிங்க. சொல்றேன்."

சொன்னாள்.

போன வருடம் மருமகள் மாசமாக இருந்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது. கரு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கருக்குழாயில் தங்கி, ஒரு நாள் வேலை செய்யும் இடத்திலேயே உள்ளுக்குள் வெடித்துவிட்டது. எதிரே இருக்கிற இந்த மஞ்சள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன். பாட்டில் பாட்டிலாக ரத்தம்.

"பிழைச்சதே மறு பிறப்புன்னு டாக்டர் சொன்னாரு. இன்னொரு பக்கக் குழாயும் அடைப்பாம், இனிமே குழந்தை…" டைப்பிஸ்டம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

"எனக்கு ஏன் சொல்லலை? நான் பெத்தவ இல்லையா?" பேக்கரியம்மாவின் குரல் உடைந்தது.

"அவதான் கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிட்டா. 'அம்மாகிட்ட சொன்னா அப்பாவை விட்டுட்டு ஓடி வருவா அத்தை. அந்த நேரம் பாத்து அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா, ஆயுசுக்கும் அதை நெனச்சு உருகுவா. அவ அப்பாகூடவே இருக்கட்டும்'னா. நீங்க அங்க ஒரு படுக்கையைப் பாத்துக்கிட்டீங்க. நான் இங்க ஒண்ணைப் பாத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

"அன்னைக்கு வந்தாளே…"

"தையல்கூடப் பிரிக்கலை. டாக்டர் போகக் கூடாதுன்னாரு. கார் வெச்சு, படுக்க வெச்சே கூட்டிட்டு வந்தேன். நிக்கத் தெம்பு இல்ல அவளுக்கு. எங்க விழுந்துடுவாளோன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

நிழல் மாதிரி கூடவே இருந்த அந்தக் கை. காவல் என்று தான் நினைத்த கை.

தெருவில் ஒரு ஆம்புலன்ஸ் நுழைந்து இரும்பு கேட்டுக்குள் போனது. பேக்கரியம்மா எழுந்து நின்றாள்.

"உக்காருங்க. பஸ் கிளம்ப நேரம் இருக்கு. அடுத்தது மியூசியமாம்."

"மியூசியத்துல எனக்கு என்ன இருக்கு? நீங்க உக்காந்திருந்த இடத்தைக் காட்டுங்க. இந்த ஊர்ல நான் பாக்க வேண்டியது அதுதான்."

ஆஸ்பத்திரிக் காவலாளி வழிமறித்தான். "யாரைப் பாக்கணும்?"

"ஒரு நாற்காலியைப் பாக்கணும்" என்றாள் டைப்பிஸ்டம்மா.

அவன் இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஒருத்தி கண்ணீரும் கம்பலையுமாக நிற்கிறாள். இன்னொருத்தி நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போல நிமிர்ந்து நிற்கிறாள். என்ன நினைத்தானோ, விலகி வழிவிட்டான்.

இரண்டாவது மாடி. பெண்கள் வார்டுக்கு வெளியே நீளமான நடை. சுவரோரம் பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள், நகர்த்த முடியாதபடி ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்தவை. கடைசியில் இருந்ததைக் காட்டினாள் டைப்பிஸ்டம்மா.

"இங்கேருந்து பாத்தா அந்தக் கதவு தெரியும். கதவு திறக்கிறப்பல்லாம் எழுந்து நிப்பேன்."

பேக்கரியம்மா அதில் போய் உட்கார்ந்தாள். முதுகு சாய்க்க வசதியில்லாத நாற்காலி. கால்மாட்டில் யாரோ ஒருவருடைய துணிப்பை. மருந்து வாடை. உட்கார்ந்தபடி அந்தக் கதவைப் பார்த்தாள். தன் பெண் அந்தக் கதவுக்குப் பின்னால் கிடந்த நேரம், தான் இன்னொரு ஊரில், இன்னொரு கட்டிலின் பக்கத்தில், ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒரு வாய்கூடக் குறையாமல் ஊட்ட முடிந்தது. கடைசி மூச்சுவரை கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. அது தன் சாமர்த்தியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அது இங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்ததால் கிடைத்தது.

"மயக்கம் தெளிஞ்சதும் என்ன கேட்டா?"

டைப்பிஸ்டம்மா தயங்கினாள். "அம்மான்னு கூப்பிட்டா. நான்தான் போய் நின்னேன். என்னைப் பாத்ததும் முகம் சுருங்கிப் போச்சு. சுருங்காம என்ன செய்யும்? ஆனா கையைக் குடுத்தேன், பிடிச்சுக்கிட்டா. விடவேயில்ல."

பேக்கரியம்மா அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். டைப் அடித்து அடித்து நுனி தட்டையாகிப்போன விரல்கள். அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எம் பொண்ணு அம்மான்னு கூப்பிட்டப்ப நீங்க போய் நின்னீங்களே. இதுக்கு நான் என்ன சொல்றது? எப்படிச் சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னால உங்களைச் சொன்னேனே…"

"சொன்னீங்க. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு."

"திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதைச் சொல்றது? புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கறவங்ககிட்ட, பொண்ணும் போக இருந்தாள்னா சொல்றது? உங்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். நான் கிடைச்சேன். சரி, அழாதீங்க. மறுபடி சர்க்கரை இறங்கிட்டா இன்னொரு ஜூஸுக்கு என்னால படி இறங்க முடியாது."

அழுகைக்கு நடுவே பேக்கரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டுக்குள் போன நர்ஸ் ஒருத்தி திரும்பிப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினாள். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கிளம்பும்போது டைப்பிஸ்டம்மா சொன்னாள். "ஒரே ஒரு உதவி. உங்களுக்குத் தெரிஞ்சதா அவகிட்டக் காட்டிக்காதீங்க. அவளா ஒரு நாள் சொல்லட்டும்."

"கஷ்டம்தான். முயற்சி பண்றேன்."

மாடி பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. சாதாரண டவுன் பஸ்ஸைப் பிடித்தார்கள். இப்போது எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று தெரியாதது போல நடிக்க வேண்டிய அவசியம் டைப்பிஸ்டம்மாவுக்கு இல்லை. வழியெல்லாம் அவளே வழிகாட்டியாகிவிட்டாள். இந்த மருந்துக் கடையில் ஆள் நல்ல மாதிரி. அந்தப் பூங்காவில்தான் அவளை முதல்முதலாக நடக்க வைத்தேன். அந்த மரத்தடி வரை நடந்துவிட்டு, போதும் அத்தை என்றாள், நான் விடவில்லை. பேக்கரியம்மா ஒவ்வொன்றையும் ஜன்னல் வழியாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். காலையில் முகம் தெரியாத ஊராக இருந்தது. இப்போது அதில் பாதிப் பேருக்குத் தான் நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது.

வீட்டு வாசலில் இரண்டு ஆட்கள் பலகைகளோடு காத்திருந்தார்கள்.

"கட்டில் கடைலேருந்து வர்றோம். ரெண்டு கட்டில். எந்த ரூம்ல மாட்டணும்? ரெண்டும் ஒரே ரூம்லன்னு சார் சொன்னாரு. அம்மாங்க ரெண்டு பேருக்குமாம்."

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிரியறவங்க கட்டில் வாங்கிப் போடுவாங்களா?" என்று மெல்லக் கேட்டாள் பேக்கரியம்மா.

"நான் அடிச்ச மனு எதுலயும் அப்படி ஒண்ணைப் பாக்கலை" என்றாள் டைப்பிஸ்டம்மா. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டாள்.

ஆட்கள் சுத்தியலும் கையுமாக வேலையை முடித்தார்கள். போகும்போது மூத்தவர் தலையைச் சொறிந்தார். "இன்னொண்ணு கீழ வண்டில இருக்கும்மா. தான் வந்தப்புறம் இறக்கச் சொன்னாரு சார். எங்களுக்கு வேற இடத்துக்குப் போகணும். ஹால்ல வெச்சுட்டுப் போயிடட்டுமா?"

கொண்டுவந்து வைத்தார்கள். அட்டை சுற்றிய சாமான். ஆட்கள் போனதும் பேக்கரியம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஓரத்தைக் கிழித்தாள். டைப்பிஸ்டம்மா அடுத்த ஓரத்தைக் கிழித்தாள்.

சின்னக் கட்டில். தொட்டில் இல்லை, கட்டில்தான். இரண்டு பக்கமும் விழாமல் இருக்கக் கட்டை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை படுக்கிற அளவு.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, கட்டில் வந்துச்சா?"

"வந்துச்சு. மூணு வந்திருக்கே?"

"அதையும் இறக்கிட்டாங்களா? …சரி. நாங்க கிளம்பிட்டோம்மா. காலைல ரெண்டு பேரும் தனித்தனியா வேலைக்குப் போய்த் தலையைக் காட்டிட்டு, ஒரே இடத்துக்குத்தான் போனோம், குழந்தைங்க இல்லத்துக்கு. இப்ப மூணு பேரா வர்றோம்."

பின்னால் ஒரு மழலைக் குரல் என்னவோ கேட்டது. மகள் போனை விலக்கி, "வீட்டுக்குத்தான்டா கண்ணு, இதோ வந்துடுச்சு" என்று பதில் சொன்னது தெளிவாகக் கேட்டது. லைன் கட்டாகியது.

பேக்கரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பிடிங்க சம்பந்தி அந்தப் பக்கம்."

"எந்த ரூம்லங்க?"

"நம்ம ரூம்லதான். வேணும்னா அவங்க மாத்திக்கட்டும்."

ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கினார்கள். "நிலை இடிக்கும், சாய்ங்க" என்றாள் ஒருத்தி. "உங்க பக்கம் தூக்குங்க, என் பக்கம் இல்ல" என்றாள் இன்னொருத்தி. கட்டில் அறை வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் படிக்கட்டில் சத்தம் கேட்டது. இரண்டு பெரிய காலடிகள். அவற்றுக்கு நடுவே, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வரும் ஒரு சின்னக் காலடி.